பன்னிரண்டாவது அறிக்கை

கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்காமல் அந்த அக்கா ஒரு காணிக்கும் விலை எழுதமாட்டார். வாளியைத் தானே விட்டுத் தானே அள்ளுவார். வீட்டுக்காரர் செம்பில் கொண்டுவந்து நீட்டினால், வாங்கி ஒரு பக்கத்தில் வைத்துவிடுவார். குடித்த பிறகு கொஞ்ச நேரம் வாய் திறக்கமாட்டார். தீவுத் தண்ணீர் முதலில் நல்லது போலத்தான் இருக்கும், உப்புச் சவர் பிறகுதான் நாக்கின் அடியில் வந்து நிற்கும் என்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் அவருடைய முகத்தையே பார்த்தபடி படுகிற பாடு எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

நான் வேலணையில் சந்திக்குக் கிட்ட இரண்டு ரைப்ரைட்டர்களோடு ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். ஒன்று தமிழ், மற்றது ஆங்கிலம். தொண்ணூற்றாறுக்குப் பிறகு, சண்டையில் இடம்பெயர்ந்த சனம் தீவுப் பக்கம் திரும்பிவரத் தொடங்கியபோது எல்லோருக்கும் ஏதாவது ஒரு கடதாசி தேவைப்பட்டது. விண்ணப்பம், முறைப்பாடு, வெளிநாட்டுப் பிள்ளைக்கு அனுப்பும் விசா அலுவல். அல்லைப்பிட்டியில் இருந்து காலையில் சைக்கிளில் வந்து பின்னேரம் வரை அடிப்பேன். பிழை விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த அக்கா முதல் தரம் வந்தது ஒரு பரீட்சை விண்ணப்பத்தோடு. அப்போது அவருக்கு நாற்பது வயது கிட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரிடம் படம் கீறும் வேலை பார்த்தவர். அந்த மனிதர் கனடாவுக்குப் போகும்போது காணி அளக்கும் தன்னுடைய இரும்பு நாடா ரேப்பை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ரேப்பையும் ஒரு கொப்பியையும் பையில் போட்டுக்கொண்டு, தான் அனுமதிப்பத்திரம் பெற்ற விலைமதிப்பீட்டாளராக வரவேண்டும் என்று என் முன்னால் கதிரையில் இருந்து சொன்னார். நான் விண்ணப்பத்தை விட்டு அவரைத்தான் பார்த்தேன்.

“காணி விலை சொல்லுறதுக்கு என்னத்துக்கு அக்கா சோதினை? சந்தியில நிக்கிற எல்லாரும் சொல்லுவினமே.”

“சொல்லுவினம் பிள்ளை. ஆனா கையெழுத்து வைக்க ஏலாதே.”

விசயம் அதுதான். காணிக்கு விலை யாரும் சொல்லலாம். நீதிமன்றத்துக்கோ, விசாவுக்கோ, உடைந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்கவோ கொடுப்பதென்றால் அனுமதிப்பத்திரம் உள்ளவர் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி ஒருவர் தீவுகளில் இல்லை. யாழ்ப்பாணப் பட்டணத்தில் இருந்த மதிப்பீட்டாளர்களுக்குக் கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியைத் தாண்டி, இராணுவச் சென்ரி சென்ரியாக இறங்கி ஏறி வர விருப்பமில்லை. கந்தோரில் இருந்தபடியே எழுதி அனுப்புவார்கள். இவருடைய தகப்பனுடைய வீட்டையும் ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார். எட்டுப் பரப்புக் காணி, சுண்ணாம்புக் கட்டுக் கல்வீடு, நாற்பது பனை, நல்ல தண்ணீர்க் கிணறு. கடதாசியில் வந்தது ‘கைவிடப்பட்ட பற்றைக் காணி’ என்று. அந்தக் காணி தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இராணுவ முகாமின் வேலிக்குள் போய்விட்டது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கவும் இல்லை, பார்க்கக் கேட்கவும் இல்லை.

“அப்பா அந்தக் கடதாசியை மடிச்சு, காணி உறுதியோட சேத்துக் கட்டி வைச்சிட்டார்,” என்றார். “வந்து பாத்திட்டுப் பற்றை எண்டு எழுதியிருந்தால் எனக்குக் கோவம் வந்திராது. வராமல் எழுதினதுதான்.”

அதன் பிறகு அவருடைய வாயில் இருந்து தான் காணாத ஒன்றைப் பற்றி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. மழை பெய்ததா என்று கேட்டால், “எங்கட வளவுக்கை பெய்தது,” என்பார். யாருடைய மகளாவது யாரோடாவது போய்விட்டாள் என்று கடையில் கதை வந்தால், “நான் காணேல்லை,” என்று எழுந்துவிடுவார். இப்படி ஒரு மனிசியோடு ஊர்க்கதை கதைக்கவும் முடியாது. எனக்கு எரிச்சல்தான் வரும்.

பரீட்சை கொழும்பில். முதல் வருடம் இராணுவத்தின் பிரயாண அனுமதி பரீட்சை முடிந்து இரண்டு நாளுக்குப் பிறகு வந்தது. அடுத்த வருடம் அனுமதி வந்தது, கப்பல் வரவில்லை. அதற்கடுத்த வருடம் அனுமதியும் இல்லை, கப்பலும் இல்லை, சண்டைதான் இருந்தது. ஒவ்வொரு தரமும் வந்து, “அடுத்த வருச விண்ணப்பத்தை அடியும் பிள்ளை,” என்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது. நான்தான் ரைப்ரைட்டரைக் குத்து குத்தென்று குத்துவேன். இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று தரைப்பாதை திறந்ததும் பஸ்ஸில் போய் எழுதினார். அடுத்த வருடம் மிச்சப் பாடங்களையும் எழுதி எல்லாவற்றிலும் சித்தியடைந்தார். அன்றைக்குக் கடைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். அவர் கொண்டாடியதை நான் கண்டது அந்த ஒரு தரம்தான்.

பரீட்சையோடு முடியவில்லை. தானே போய்ப் பார்த்து எழுதிய பன்னிரண்டு மதிப்பீட்டு அறிக்கைகளை பரீட்சை நடத்திய கொழும்பு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவை ஏற்கப்பட்டால்தான் அனுமதிப்பத்திரம். ஒவ்வொரு அறிக்கையின் முடிவிலும் ஒரே உறுதியுரை வரவேண்டும்: ‘மேற்படி ஆதனத்தினுள் நான் நேரில் சென்று பார்வையிட்டேன்.’ பதினொரு அறிக்கைகளில் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் அடித்திருக்கிறேன்.

நெடுந்தீவு அறிக்கைக்கு ரேப்பின் மற்ற நுனியைப் பிடிக்க ஆளில்லை என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். குறிகட்டுவானில் படகு ஏறிய நேரம் தொடக்கம் சத்தி எடுத்துக்கொண்டே வந்தார். இறங்கி முகத்தைக் கழுவிவிட்டு நேரே அளக்கத் தொடங்கிவிட்டார். கல்வேலிக்குள் ஒரு வளவு. சொந்தக்காரர் வயதான மனிதர், பட்டணத்தில் இருந்து பெரிய உத்தியோகத்தர் வந்ததாக நினைத்துச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

“இந்தத் தண்ணியை நீங்கள் குடிக்கிறனீங்களோ ஐயா?”

“ஓம். நல்ல தண்ணி.”

அக்கா அள்ளிக் குடித்தார். வாயை மூடிக்கொண்டு நின்றார். “சவர்,” என்றார்.

மனிதர் கோபிக்கவில்லை. “எங்களுக்கு இதுதான் பிள்ளை நல்ல தண்ணி,” என்றார்.

அக்கா அதைக் கொப்பியில் எழுதினார். அறிக்கையில் இரண்டும் வந்தது: ‘நல்ல தண்ணீர் என உரிமையாளர் கூறுகிறார். எனக்குச் சவர்த்தது.’ ஒன்றை வெட்டுங்கள், கொழும்பில் இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று நான் சொன்னேன். இரண்டும் உண்மை, எதை வெட்டுவது என்று கேட்டார்.

எல்லாவற்றையும்விட அவரை அலைக்கழித்தது விற்பனை விலை. ஒரு காணியை மதிப்பதென்றால் பக்கத்தில் அண்மையில் விற்ற மூன்று காணிகளின் விலையைக் காட்ட வேண்டுமாம். தீவில் யார் விற்றார்கள்? போனவர்கள் விற்கவில்லை, இருந்தவர்களிடம் வாங்க வழியில்லை. காணிப் பதிவுக் கந்தோரில் நாள்கணக்காக இருந்து புரட்டினார். அகப்பட்டதெல்லாம் சீதன உறுதிகள், மகளுக்குக் காணி எழுதிக் கொடுத்த பத்திரங்கள். சீதன உறுதியில் போடும் பெறுமதி மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணுக்காகப் போடுவது என்று இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். உப்பு ஏறிய தரவை நிலத்துக்குப் பட்டணத்து நடுச்சந்திக் காணியின் விலை போட்டிருப்பார்கள். மற்றவர்கள் என்றால் அதை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெண்ணின் தகப்பனைத் தேடிப் போனார்.

அந்தக் கதையை அவரே எனக்குச் சொன்னார். தகப்பன் இவரைக் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாராம்.

“மெல்லமாக் கதையும் பிள்ளை, மருமோன் விறாந்தையில இருக்கிறார்.”

“உண்மையான விலை என்ன ஐயா?”

“உண்மையைச் சொன்னால், உறுதியில கிடக்கிற விலைக்கு நானே வாங்கமாட்டன்.”

அதையும் எழுதினார். கொழும்பில் இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எங்கள் ஊர்ச் சீதன வழக்கத்தை அவர் சொல்லச் சொல்ல, நான் இரண்டு பக்கத்தில் அடித்துக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அவர்கள் ஏற்றுக்கொண்டது எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் அதில் இருந்து நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாவது அறிக்கைக்கு மூல உறுதியின் பிரதியையும் சேர்த்து, பழைய கல்வீடு ஒன்றை மதிப்பிட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பழைய கல்வீடு தீவில் எத்தனையோ நின்றது. உறுதிதான் இல்லை. எரிந்தது, இடப்பெயர்வில் தொலைந்தது, கனடாவில் யாருடையவோ அலுமாரிக்குள் இருப்பது. அவருடைய கையில் இருந்த ஒரே உறுதி தகப்பன் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தது. அந்தக் காணியோ முகாமுக்குள். உள்ளே போக அனுமதி கேட்டு ஐந்து கடிதம் அடித்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“நீங்கள் பிறந்து வளந்த வீடு அக்கா. ஒவ்வொரு கல்லும் தெரியும். இருந்து எழுதுங்கோவன்.”

“அவரும் இருந்துதானே எழுதினவர்,” என்றார். பற்றைக் காணி என்று எழுதியவரைத்தான் சொன்னார்.

கடைசியில் வேலியில் இருந்து பார்த்து, வேலியில் இருந்து பார்த்தது என்றே எழுதுவது என்று முடிவெடுத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரேப்பை எடுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று வீதியை அடி எண்ணி அளந்தார். கூரை பாதிதான் தெரிந்தது. நாற்பது பனையில் இருபத்துமூன்றின் உச்சி வட்டுத்தான் எண்ண முடிந்தது. இருபத்துமூன்று என்று எழுதினார். கிணறு வீட்டின் பின்பக்கம், தெரியவில்லை. அப்போது சென்ரியில் நின்ற ஆமிப் பொடியன் எங்களைப் பார்த்து என்ன என்று கையைக் காட்டினான். போவோம் என்று நான் அக்காவின் சீலையைப் பிடித்து இழுத்தேன். அவர் நேரே அவனிடம் போனார். தண்ணீருக்கு அரைகுறைச் சிங்களத்தில் “வதுர, வதுர,” என்று சொல்லி, வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்.

அவனுக்குத் தாகம் என்று விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் போத்தல் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டினான். எந்தக் கிணறு என்று அக்கா கேட்டார். அவன் பின்னால் எங்கேயோ கையை வீசிச் சிரித்தான்.

குடித்தார். வழக்கம் போல வாயை மூடிக்கொண்டு நின்றார். வழக்கத்தைவிடக் கூட நேரம் நின்றார். பிறகு மிச்சத்தையும், ஒரு சொட்டு விடாமல், குடித்து முடித்தார். போத்தலை அவனிடம் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். 

“எங்கட கிணத்துத் தண்ணிதான் பிள்ளை.”

“அப்ப எழுதுவம் அக்கா.”

“அள்ளினதை நான் காணேல்லையே.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தன்னுடைய கிணற்றுத் தண்ணீரைத் தன்னுடைய நாக்கால் அறிந்த பிறகும் இந்த மனிசி ‘கிணறு பார்வையிட முடியவில்லை’ என்று எழுதச் சொல்கிறது. இதைக் கொழும்பில் இருப்பவர்கள் வாசித்தால் என்ன செய்வார்கள்? பார்க்காத காணிக்கு அறிக்கையா என்று தூக்கி எறிவார்கள். எட்டு வருடத்து அலைச்சல் ஒரு வரியில் போகப் போகிறது. எனக்கு அப்படித்தான் பட்டது.

அறிக்கையை அடித்தேன். அவர் சொன்னபடிதான் எல்லாம், கடைசி வரியைத் தவிர. ‘ஆதனத்தின் வேலிக்கு வெளியே நின்று பார்வையிட்டேன்’ என்று அவர் சொல்லியிருந்த இடத்தில், மற்றப் பதினொன்றிலும் அடித்த அதே வரியை அடித்தேன். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்குத்தான் கடைசி நாள். பட்டணத்துப் பெரிய தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட வேண்டும். நான் வேண்டுமென்றே இழுத்து இழுத்து அடித்து, பஸ் சந்தியில் வந்து ஹோன் அடிக்கும் நேரம் கையெழுத்துக்கு நீட்டினேன். அவசரத்தில் கையெழுத்தை வைத்து வாங்கிக்கொண்டு ஓடினார்.

அவர் பஸ்ஸில் வாசிப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதையும் மூன்று தரம் வாசிக்கிற மனிசி.

அடுத்த நாள் வந்தார். “கடைசியில ஒரு வரி மாறிப் போச்சுப் பிள்ளை. பேனையால வெட்டித் திருத்திப் போட்டு அனுப்பிப் போட்டன்.”

“ஐயோ அக்கா, பழக்க தோசத்தில அடிச்சுப் போட்டன்.”

“பரவாயில்லை,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீர் பிழை விடுற ஆள் இல்லையே,” என்றார். குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. நான் புதுத் தாளைச் செருகி உருளையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நாலு மாதத்தால் பதில் வந்தது. கடிதத்தை அவர் கடைக்குக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வந்து கதிரையில் இருந்தார்.

“வேலிக்கு வெளியில நிண்டு பாத்தது போதாதாம் பிள்ளை. ஏலாதெண்டு திருப்பிப் போட்டாங்கள்.”

“இனி?”

“அடுத்த வருசம் புதுசா ஒண்டு எழுதுவம்.”

அவர் போன பிறகு அந்த நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். அன்றைக்கு மட்டுமில்லை. தாம்போதிக்கு இந்தப் பக்கம் வந்தே பார்க்காதவர்கள், வேலியில் நின்றாவது பார்த்தவரைத் தள்ளிவிட்டார்கள் என்று, கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். நான் அடித்த வரியை அவர் வெட்டாமல் விட்டிருந்தால் இப்போது அனுமதிப்பத்திரம் கையில் இருந்திருக்கும் என்று மனதுக்குள் அவர்மீதும் ஒரு கோபம் இருந்தது.

அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறில், எங்கள் அல்லைப்பிட்டியில் ஆட்கள் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு ஏலாது. அம்மாவையும் ஆங்கில ரைப்ரைட்டரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போய், முதலில் கோவிலிலும் பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டிலும் இருந்தோம். அக்கா அங்கே தேடி வந்தார். வன்னியில், கிளிநொச்சியில் இருக்கும் தங்கைக்குச் சத்திரசிகிச்சை, இரண்டு கிழமை நின்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். கையில் விண்ணப்பப் பிரதிகளும் அறிக்கைகளும் போட்டுக் கட்டிய ஒரு பைல்.

“இதை நீர் வைச்சிரும். முகாம் வேலியை நான் கீறின படம் உள்ளுக்கை கிடக்கு. சோதனையில கண்டாங்களெண்டால் வில்லங்கம்.”

“எப்ப வருவியள்?”

“இரண்டு கிழமை எண்டுதான் நினைக்கிறன்,” என்றார். வரப்போகும் நாளைக்கூட அவர் உறுதியாகச் சொல்லவில்லை.

ஆவணியில் மறுபடி சண்டை தொடங்கி வன்னிப் பாதை பூட்டியது. ஒரு கடிதம் வந்தது, சுகம் என்று. இரண்டாவது வரவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் சண்டை எல்லாம் முடிந்தது என்ற பிறகு, கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி என்னுடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் எடுத்தார். வன்னிச் சனத்தை வைத்திருக்கும் அகதி முகாம்களில் முகாம் முகாமாகப் பேர் விசாரிக்கிறார்களாம். அக்காவின் அடையாள அட்டை இலக்கம் வேண்டும், தெரியுமா என்றார். விண்ணப்பப் பிரதியில் இருக்கும் என்று சொல்லி, மூன்று வருடமாக அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பைலை அவிழ்த்தேன். அதுவரை நான் அதைத் திறக்கவில்லை.

இலக்கத்தைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அடுத்த தாள் கையில் வந்தது. கொழும்பு நிறுவனத்தின் கடிதம். நான் ஆங்கிலம் அடிக்கிறவள், வாசிக்க நேரம் எடுக்கவில்லை. மற்றப் பதினொரு அறிக்கைகளும் திருப்தியானவை என்று இருந்தது. அனுமதி மறுக்கப்பட்ட ஆதனத்தை வெளியில் நின்று பார்த்து, அப்படியே தெரிவித்து எழுதுவது ஏற்கத்தக்கது என்று இருந்தது. ஆனால் உறுதியுரையில் கையால் வெட்டி மாற்றிய அறிக்கையை ஏற்க விதியில் இடமில்லை, ஆகவே இந்தத் தவணைக்கு நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. கீழே அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் அடித்த வரியின் மேல் பஸ்ஸின் குலுக்கலில் நெளிந்த ஒரு மைக்கோடு. அதன் மேல் அவருடைய எழுத்து.

நான் அடித்த அந்த ஒரு வரிதான்.

அவர் அதை வாசித்திருக்கிறார், மூன்று தரம் வாசித்திருப்பார். அதற்குப் பிறகுதான் வெறுங்கையோடு கடைக்கு வந்து, கதிரையில் இருந்து, கடிதத்தில் இல்லாத ஒன்றை என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

“ஹலோ, லைன்ல இருக்கிறியளோ?” என்றார் தம்பி. “எனக்கொண்டு விளங்கேல்லை. எங்கட அக்கா சோதினை எல்லாம் பாஸ் பண்ணினவ. அந்த அனுமதிப்பத்திரம் கிடைச்சிருந்தால் அந்த வருசம் கொழும்பில வேலைக்குக் கூப்பிட்டிருப்பினம், வன்னிக்குப் போயிருக்கமாட்டா. ஏன் குடுக்கேல்லை?”

கடிதம் மடியில் விரிந்தபடி கிடந்தது.

“வேலிக்கு வெளியில நிண்டு பாத்தது போதாதெண்டு திருப்பிப் போட்டாங்கள் தம்பி,” என்றேன்.

அவர் அந்த நிறுவனத்தை ஏசத் தொடங்கினார். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.